ஊரையே கதையாக்கிய லேபிள்: சப் பாப் பத்திரிகையிலும் வானொலியிலும் இடம்பிடித்த விதம்

1988ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரம். 21 வயதுப் பையன் ஒருவன் தன் குழுவின் முதல் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கே.சி.எம்.யூ. வானொலிக்குப் போகிறான். தட்டைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறி, ஊர் திரும்பும் வழியெல்லாம் ரேடியோவைப் போட்டுக் காத்திருக்கிறான். பாட்டு வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் நிலையத்தின் அலைவரிசையே எட்டாது. ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்த காசு போடும் ஃபோனிலிருந்து நிலையத்தைக் கூப்பிடுகிறான். யாரோ ஒரு நேயர் கேட்பதுபோல அந்தப் பாட்டைப் போடச் சொல்கிறான். சிறிது நேரத்தில் போடுகிறார்கள். காரிலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறான்.

அந்தப் பையன் கர்ட் கோபேன். குழு நிர்வானா. அந்தத் தட்டை வெளியிட்ட லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், சப் பாப். கோபேனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். தன் பாட்டு ஒருமுறை வானொலியில் வந்துவிடாதா என்று தவிக்கும் எல்லாக் கலைஞர்களும் அந்த ஃபோன் கூண்டுக்குள் நிற்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் இந்த ஆய்வு கோபேனைப் பற்றியதல்ல. அவர் கூப்பிட்டபோது ஃபோனை எடுக்க அங்கே ஒரு நிலையம் இருந்தது, பாட்டைப் போட ஒருவர் இருந்தார். அதற்கு நான்கு மாதத்துக்குள் லண்டனின் ஒரு இசை வார இதழ் இந்த ஊரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது. கையில் காசில்லாத ஒரு சிறு லேபிளுக்கு இதெல்லாம் எப்படி அமைந்தது, அதனால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சப் பாப் தனித்தனியாகக் குழுக்களை விளம்பரப்படுத்தவில்லை. ஒரு ஊரை விளம்பரப்படுத்தியது. பத்திரிகையும் வானொலியும் அதற்குத்தான் கதவைத் திறந்தன. ஆனால் அந்த விளம்பரத்தால் வந்த புகழை லேபிளுக்கான பணமாக மாற்றியது பத்திரிகையும் அல்ல, வானொலியும் அல்ல. லேபிள் விருப்பமில்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்பந்தத் தாள்.

சிறுபத்திரிகையில் தொடங்கியது

புரூஸ் பாவிட் சிகாகோ பக்கத்துக்காரர். வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகரான ஒலிம்பியாவில் எவர்கிரீன் கல்லூரியில் படிக்கப் போனார். அந்தக் கல்லூரியின் வானொலி நிலையத்துக்குப் பெயர் கே.ஏ.ஓ.எஸ். அங்கே ஒரு விதி இருந்தது: ஒலிபரப்பாகும் இசையில் 80 சதவீதம் சுயாதீன லேபிள்களிலிருந்து வரவேண்டும். பெரிய நிறுவனங்களின் தட்டு எது, சின்ன லேபிளின் தட்டு எது என்று டி.ஜே. அலமாரியில் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா? அதனால் சின்ன லேபிள் தட்டுகளின் உறை ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு போட்டு வைத்தார்கள். கை நீளும்போதே கண்ணுக்குப் படும்.

ஒரு கோடுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மற்ற நிலையங்களில் சின்ன லேபிள்காரர் கெஞ்சிக் கேட்டு வாங்கவேண்டிய இடம், இங்கே விதியாகவே அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பாவிட் அந்த நிலையத்தில் நிகழ்ச்சி நடத்தினார். 1980இல் 'சப்டெரேனியன் பாப்' என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கினார். பெரிய நகரங்களை விட்டு, அமெரிக்காவின் மூலை முடுக்குகளில் யார் யார் சொந்தமாகத் தட்டுப் போடுகிறார்கள் என்று ஊர் வாரியாக எழுதும் பத்திரிகை அது. சில இதழ்களை அச்சில் கொண்டுவராமல் ஒலிநாடாவாகவே வெளியிட்டார். பெயரும் 'சப் பாப்' என்று சுருங்கியது.

ஊர் வாரியாக என்று சொன்னேன். அதைக் கவனிக்கவேண்டும். பிற்பாடு சியாட்டிலை ஒரு கதையாகச் சொல்ல வேண்டும் என்று பாவிட்டுக்குத் தோன்றியது திடீரென்று வந்த யோசனையல்ல. டெட்ராய்ட், மெம்ஃபிஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு லேபிள், ஒரு ஓசை, ஒரு முகம் இருந்ததை அவர் வருடக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தார்.

1983இல் சியாட்டிலுக்குக் குடிவந்தார். 'தி ராக்கெட்' என்ற உள்ளூர் இசை இதழில் 'சப் பாப் யு.எஸ்.ஏ.' என்று பத்தி எழுதினார். கே.சி.எம்.யூ.வில் நிகழ்ச்சியும் நடத்தினார். வயிற்றுப்பாட்டுக்கு, கடைகளுக்கும் லிஃப்டுகளுக்கும் மெல்லிசை அனுப்பும் மியூசாக் நிறுவனத்தில் வேலை. பிற்பாடு சப் பாப்பின் முதல் நட்சத்திரக் குழுவான மட்ஹனியின் பாடகர் மார்க் ஆர்மும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான்.

1986இல் 'சப் பாப் 100' என்ற தொகுப்புத் தட்டு. 1987இல் கிரீன் ரிவர் குழுவின் தட்டு. அந்தத் தட்டுக்கான விளம்பர வாசகத்தில்தான், பிற்பாடு இந்த ஊரின் கரடுமுரடான ராக் இசைக்கே பெயராகிவிட்ட 'கிரஞ்ச்' என்ற சொல்லை லேபிள் பயன்படுத்தியது. அதே வருடம் சவுண்ட்கார்டன் குழுவின் கிட்டார்காரர் கிம் தாயில், பாவிட்டையும் ஜொனாதன் போன்மனையும் இணைத்துவைத்தார். போன்மன் கே.சி.எம்.யூ. டி.ஜே.; நிகழ்ச்சிகளுக்குக் குழுக்களை ஏற்பாடு செய்பவரும்கூட. அவர் 20,000 டாலர் போட்டார். 1988 ஏப்ரல் 1 அன்று இருவரும் வேலையை விட்டுவிட்டு, சியாட்டில் முதல் அவென்யூவில் டெர்மினல் சேல்ஸ் கட்டடத்தில் ஒரு அறை பிடித்து லேபிளை முறையாகத் தொடங்கினார்கள்.

ஆக, லேபிளின் முதலாளிகள் இருவருமே வானொலிக்காரர்கள். ஒருவர் பத்திரிகைக்காரரும்கூட. கே.சி.எம்.யூ.வில் மார்க் ஆர்ம், கிம் தாயில் என்று வாசிப்பவர்களே டி.ஜே.க்களாகவும் இருந்தார்கள். சில நூறு வாட் சக்தி மட்டுமே கொண்ட அந்த நிலையம் நகர எல்லையைத் தாண்டினாலே கரகரக்கும். ஆனால் நகரத்துக்குள் யார் கேட்கவேண்டுமோ அவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தட்டுக் கடையில் வேலை பார்ப்பவர், அடுத்த வாரம் மேடையேறப்போகிறவர், ராக்கெட்டில் விமர்சனம் எழுதுபவர். நிர்வானா என்ற பெயர் முதல் ஆல்பத்தின் உறையில் ஒரு குறிப்பிட்ட அச்செழுத்தில் இருக்கும், பிறகு அதுவே அவர்கள் அடையாளமாயிற்று. அது ராக்கெட் இதழின் அச்சுக்கோப்பு இயந்திரத்தில் கோத்தது. லேபிளும் பத்திரிகையும் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அந்த உலகம் சின்னது.

இதை யாராவது 'ஆள் பிடித்தார்கள்' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வருடக்கணக்கில் மற்றவர்களின் தட்டுகளைப் போட்டு, மற்றவர்களைப் பற்றி எழுதிய பிறகுதான் தங்கள் தட்டை நீட்டினார்கள்.

சுவர் எங்கே இருந்தது

சரி, உள்ளூரில் பாட்டு வந்துவிட்டது. அதற்கு மேல்?

அன்றைய அமெரிக்காவில் வணிக வானொலிக்குள் நுழைவது என்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். பெரிய நிறுவனங்கள் 'சுயாதீன விளம்பர முகவர்கள்' என்ற இடைத்தரகர்களுக்குக் காசு கொடுக்கும். அவர்கள் நிலையங்களின் பாட்டுப் பட்டியலில் இடம் வாங்கித் தருவார்கள். 1986இல் என்.பி.சி. தொலைக்காட்சிச் செய்தி இதை அம்பலப்படுத்தியபோது பெரிய சலசலப்பு எழுந்தது. பெயர்தான் சுயாதீனமே தவிர, உண்மையான சுயாதீன லேபிள் எதுவும் அந்த வாசலில் நிற்கக்கூட முடியாது. மிச்சம் இருந்தது கல்லூரி வானொலிகள். அவை நாடெங்கும் இருந்தன. 1970களின் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்த சி.எம்.ஜே. இதழ் அவற்றின் பட்டியல்களைத் தொகுத்து வெளியிட்டது. ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் தட்டு அனுப்ப வேண்டும், ஃபோன் செய்ய வேண்டும், நினைவூட்ட வேண்டும். இரண்டு பேர் கொண்ட அலுவலகத்தால் முடிகிற வேலையா?

பத்திரிகையிலும் அதே கதைதான். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்தான் பத்திரிகைகளின் கண்ணில் இருந்த ஊர்கள். சியாட்டிலில் ஒரு குழு நன்றாக வாசிக்கிறது என்பது யாருக்கும் செய்தி இல்லை. எந்த ஊரிலும் நன்றாக வாசிக்கும் குழு ஒன்று இருக்கத்தான் செய்யும்.

இங்கேதான் போன்மனும் பாவிட்டும் கணக்கை மாற்றிப் போட்டார்கள். ஒரு குழுவைச் செய்தியாக்க முடியாது என்றால், பத்துக் குழுக்களைச் சேர்த்து ஒரு ஊரைச் செய்தியாக்கலாம். அந்தச் செய்தியை அமெரிக்காவில் விற்க முடியாது என்றால், அமெரிக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்கும் இடத்தில் போய் விற்கலாம். அந்த இடம் லண்டன்.

லண்டன் வழியாகச் சியாட்டில்

பிரிட்டனின் அமைப்பே வேறு. அங்கே அப்போது மூன்று இசை வார இதழ்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன: என்.எம்.இ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ். மூன்றுக்கும் வாராவாரம் பக்கம் நிரப்ப வேண்டும், மற்ற இரண்டுக்கும் முன்னால் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். சின்ன லேபிள்களின் தட்டுகளுக்கென்றே 1980இலிருந்து தனி விற்பனைப் பட்டியல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், நாடு முழுவதும் கேட்கும் பி.பி.சி. ரேடியோ 1இல் இரவு நேரத்தில் ஜான் பீல் என்ற மனிதர் இருந்தார். அமெரிக்காவில் நூறு நிலையங்களைத் தட்டினால் கிடைப்பது, பிரிட்டனில் அந்த ஒருவர் தட்டைச் சுழலவிட்டால் கிடைத்துவிடும்.

பீல் 1967இலிருந்து அந்த நிலையத்தில் இருந்தவர். வந்து குவியும் தட்டுகளைத் தானே கேட்டு, தனக்குப் பிடித்ததைப் போடுபவர். குழுக்களை மைதா வேல் ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, ஒரே நாளில் நான்கைந்து பாட்டுகளைப் புதிதாகப் பதிவுசெய்து ஒலிபரப்புவது அவர் நிகழ்ச்சியின் வழக்கம். அந்த வழக்கத்தின் வேர், இசைக் கலைஞர் சங்கத்தோடும் தட்டு நிறுவனங்களோடும் பி.பி.சி. செய்துகொண்ட ஒரு பழைய கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தட்டுகளைச் சுழலவிடக் கூடாது, மீதி நேரத்துக்கு ஆட்களை வைத்து வாசிக்க வேண்டும் என்பது விதி. கலைஞர்களின் பிழைப்பைக் காக்க வந்த அந்த விதி, பிற்பாடு எத்தனையோ முகம் தெரியாத குழுக்களுக்கு இலவசப் பதிவும் நாடளாவிய ஒலிபரப்பும் வாங்கித் தந்தது.

லண்டனுக்கு அனுப்பும் முன் சரக்கைத் தயார் செய்தார்கள். சப் பாப்பின் அழகே இந்தத் தயாரிப்பில்தான் என்பேன். எல்லாக் குழுக்களையும் ஒரே ஸ்டுடியோவில், ரெசிப்ரொகல் ரெக்கார்டிங்கில், ஜாக் எண்டினோ என்ற ஒரே ஆளிடம் பதிவுசெய்ய வைத்தார்கள். அதனால் ஓசைக்கு ஒரு குடும்பச் சாயல் வந்தது. செலவும் குறைவு. நிர்வானாவின் முதல் ஆல்பமான 'பிளீச்' பதிவுக்கு ஆன மொத்தச் செலவு 606 டாலர் 17 சென்ட். படங்களை ஒரே ஆள் எடுத்தார்: சார்ல்ஸ் பீட்டர்சன். மேடைக்குக் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கிக்கொண்டு, ஃபிளாஷைப் போட்டுவிட்டு ஷட்டரை மெதுவாக மூடுவார். தலைமுடியும் வியர்வையும் இழுபட்டுக் கோடாகி, நடுவில் ஒரு முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். பாடகன் எங்கே முடிகிறான், ரசிகன் எங்கே தொடங்குகிறான் என்று தெரியாது. கருப்பு வெள்ளை. பத்திரிகையில் அச்சடிக்க அதைவிடத் தோதான படம் ஏது?

1988 ஆகஸ்டில் மட்ஹனியின் முதல் தட்டு. நவம்பரில் நிர்வானாவின் முதல் தட்டு, ஆயிரமே பிரதிகள், ஒவ்வொன்றிலும் கையால் எண் போட்டது. அந்த நிர்வானா தட்டுதான் 'சிங்கிள்ஸ் கிளப்' என்ற சந்தா திட்டத்தின் முதல் வெளியீடு. வருடத்துக்கு 35 டாலர் முன்பணம் கட்டினால் மாதம் ஒரு தட்டு வீட்டுக்கு வரும். என்ன தட்டு என்று முன்கூட்டியே தெரியாது. லேபிளுக்குக் கையில் முன்பணம் கிடைத்தது. பிரதிகள் குறைவு என்பதால் சேகரிப்பவர்கள் அலைந்தார்கள், அவர்கள் அலைவதே இதழ்களுக்குச் செய்தியாயிற்று.

டிசம்பரில் 'சப் பாப் 200'. மூன்று தட்டுகள், பீட்டர்சன் படங்கள் நிறைந்த ஒரு குட்டிப் புத்தகம், எல்லாம் ஒரு பெட்டிக்குள். 5,000 பெட்டிகள். இருபது குழுக்கள் அளவுக்கு ஒரு ஊரின் இசை அதற்குள் இருந்தது. இது ஓர் ஆல்பம் மட்டுமல்ல, பத்திரிகையாளருக்கு நீட்டிய ஒரு கோப்பு. பெட்டியைத் திறந்தால் கட்டுரைக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். ஜான் பீல் அதைத் தன் நிகழ்ச்சியில் போட்டார். 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் தாராளமாகப் புகழ்ந்தும் எழுதினார்.

அப்புறம்தான் அந்த விமான டிக்கெட். பிரிட்டனில் சப் பாப்புக்காகப் பத்திரிகைகளோடு பேசிக்கொண்டிருந்தவர் ஆன்டன் புரூக்ஸ். மெலடி மேக்கர் இதழில் எழுதும் எவரெட் ட்ரூவைச் சியாட்டிலுக்கு வரவழைப்பது என்று முடிவாயிற்று. வாடகைக்கே திணறிக்கொண்டிருந்த லேபிள், ஒரு விமர்சகரைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவரக் காசு செலவழித்தது. 1989இன் தொடக்கத்தில் அவர் வந்தார். குழுக்களோடு சுற்றினார், நிகழ்ச்சிகளைப் பார்த்தார், குடித்தார், பேசினார். மார்ச் மாதம் மெலடி மேக்கரில் அடுத்தடுத்த வாரங்களில் கட்டுரைகள் வந்தன. முதலில் மட்ஹனி, பிறகு சப் பாப் லேபிளும் சியாட்டில் ஊரும். நிர்வானாவின் முதல் தட்டை அதற்கு முன்பே அந்த வாரத்தின் சிறந்த சிங்கிளாக அவர் அறிவித்திருந்தார்.

ஏன் ட்ரூ? அவர் வெறும் விமர்சகரல்ல. லண்டனின் கிரியேஷன் லேபிள் வெளியிட்ட முதல் தட்டே அவருடையதுதான். சின்ன லேபிளின் அறை எப்படி இருக்கும், அங்கே யார் தரையில் உட்கார்ந்து உறை மடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தவர். ஐம்பது விமர்சகர்களுக்குத் தட்டு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, விஷயத்தைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒருவரைக் கூட்டிவந்து ஊரைச் சுற்றிக்காட்டுவது மேல் என்று அவர்கள் நினைத்தது சரி. இந்தக் கதையிலேயே மிகத் துணிச்சலான செலவு அதுதான் என்பது என் கருத்து.

எழுத்து மட்டும் வந்திருந்தால் அது ஒரு வாரத்தில் பழையதாகியிருக்கும். அதே மாதம் மட்ஹனி, சோனிக் யூத் குழுவோடு பிரிட்டனில் ஊர் ஊராக வாசித்தது. கட்டுரையைப் படித்தவர் அந்த வாரமே நேரில் போய்ப் பார்க்கலாம், கடையில் தட்டை வாங்கலாம், இரவு பீலின் நிகழ்ச்சியில் கேட்கலாம். ஐரோப்பாவில் விற்பனையை ஜெர்மனியின் கிளிட்டர்ஹவுஸ் லேபிள் பார்த்துக்கொண்டது. கட்டுரை, மேடை, கடை, வானொலி நான்கும் ஒரே சமயத்தில் கூடின. பெரிய நிறுவனங்களே அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. 1989 அக்டோபர் 26 அன்று நிர்வானா மைதா வேல் ஸ்டுடியோவில் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிவுசெய்தது. டிசம்பர் 3 அன்று லண்டன் அஸ்டோரியா அரங்கில் டாட், நிர்வானா, மட்ஹனி மூன்று குழுக்களும் ஒரே மேடையில்.

மார்ச் மாதக் கட்டுரைகளின் செய்தி திரும்ப சியாட்டிலுக்கு வந்தபோதுதான் உள்ளூரிலேயே பலர் நிமிர்ந்து பார்த்தார்கள். தன் ஊர்க்காரன் பெருமை வெளியூர்க்காரன் சொன்னால்தான் ஏறும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்போல. 1989 ஜூனில் சியாட்டிலின் மூர் தியேட்டரில் அதே மூன்று குழுக்கள் வாசித்தபோது அரங்கு நிறைந்துவிட்டது.

கதையில் சேர்த்த உப்பு

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. லண்டனுக்குச் சொன்ன கதையில் எல்லாமே நிஜமல்ல.

பிரிட்டிஷ் வாசகர்களுக்கு அமெரிக்கக் காட்டுப்புற மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். லேபிளும் கொடுத்தது. டாட் குழுவின் பாடகர் டாட் டாயல் பெருத்த உடம்புக்காரர், முன்பு கசாப்புக் கடையில் வேலை பார்த்தவர். அவர் கையில் மரம் அறுக்கும் இயந்திர வாளைக் கொடுத்து, காட்டு மனிதராக முன்னிறுத்தினார்கள். அவர் கல்லூரியில் முறையாக இசை படித்தவர் என்பது அந்தக் கதைக்குத் தோதுப்படவில்லை. மார்க் ஆர்ம் ஆங்கில இலக்கியம் படித்த பட்டதாரி. நிர்வானா குழுவினர் பாட்டு இல்லாவிட்டால் மரக்கிடங்கிலோ மளிகைக் கடையிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற தொனியில் ட்ரூ எழுதினார். கோபேனுக்கு அந்த மாதிரி எழுத்து உறுத்தியது. படிப்பறிவில்லாத நாட்டுப்புறத்தான் என்று தன்னைக் காட்டுவதாக அவர் நினைத்தார்.

கலைஞரை ஒரு வரியில் அடக்கினால் பத்திரிகையில் இடம் கிடைப்பது சுலபம்தான். ஆனால் அந்த வரியைச் சுமந்து திரிபவர் கலைஞர். டாட் டாயல் எத்தனை நேர்காணல்களில் அந்தக் கசாப்புக் கடையைப் பற்றியே பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சப் பாப் செய்தவற்றில் அடுத்த லேபிள் பின்பற்றக் கூடாதது இது ஒன்றுதான்.

புகழ் வந்தது, காசு வரவில்லை

1990, 91இல் சப் பாப்பின் பெயர் உலகமெங்கும் தெரியும். வங்கிக் கணக்கு காலி. விநியோகஸ்தர்கள் பணத்தை மாதக்கணக்கில் தாமதித்துத்தான் அனுப்புவார்கள். அச்சகத்துக்கு உடனே கட்ட வேண்டும். தட்டுக்கு ஆர்டர் அதிகமானால் அச்சடிக்க அதிகம் செலவாகும், திரும்ப வர அதிக நாளாகும். பத்திரிகையில் பேர் வரவர, கடன் ஏறிக்கொண்டே போனது. இதற்கு நடுவில் டாட் குழுவின் ஆல்பம் ஒன்றின் உறையில் பழைய படம் ஒன்றைப் போட்டதற்காகப் படத்தில் இருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அச்சடித்த உறைகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. 'எங்களிடம் பணம் இல்லை என்பதில் உங்களுக்கு எந்த வார்த்தை புரியவில்லை?' என்று சட்டையில் அச்சடித்து விற்கும் நிலைக்கு லேபிள் வந்தது. ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவிட் வருடக்கணக்கில் பத்தி எழுதிய அதே ராக்கெட் இதழ், லேபிள் கவிழ்கிறதா என்று பெயரிலேயே விளையாடித் தலைப்பிட்டு அட்டைப்படக் கட்டுரை போட்டது. நட்போடு எழுதும் பத்திரிகை உங்கள் வீழ்ச்சியையும் எழுதும். எழுதத்தான் வேண்டும்.

லேபிளைக் காப்பாற்றியது எது? ஒரு இரவு நிர்வானாவின் பேஸ் கிட்டார்காரர் கிறிஸ்ட் நோவோசலிக் பாவிட்டின் வீட்டு வாசலில் வந்து நின்று, எங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதுவரை கைகுலுக்கலில் நடந்துகொண்டிருந்த உறவு. பாவிட்டுக்கும் போன்மனுக்கும் ஒப்பந்தம் எழுதிப் பழக்கம் இல்லை. 1989 ஜூனில் ஒன்றைத் தயார் செய்து கையெழுத்திட்டார்கள். முதல் வருடத்துக்கு 600 டாலர், இரண்டாம் வருடத்துக்கு 12,000, மூன்றாம் வருடத்துக்கு 24,000. மூன்று ஆல்பங்கள்.

குழு கேட்டதால் வந்த தாள் அது. தங்களைப் பாதுகாத்துக்கொள்ள அவர்கள் கேட்டது. ஆனால் 1990இல் நிர்வானா பெரிய நிறுவனத்துக்குப் போக முடிவெடுத்தபோது, அந்தத் தாள் இருந்ததால்தான் புதிய நிறுவனமான டி.ஜி.சி. சப் பாப்புக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவேண்டி வந்தது. 75,000 டாலர், அடுத்த இரண்டு ஆல்பங்களின் விற்பனையில் ஒரு சிறு பங்கு, ஆல்பத்தின் பின்னட்டையில் சப் பாப் சின்னம். தாள் இல்லாமல் போயிருந்தால் இவற்றில் எதையும் கேட்டு வாங்க வழி இருந்திருக்காது.

1991 செப்டம்பர் 24 அன்று 'நெவர்மைண்ட்' வெளியானது. அமெரிக்காவில் முதலில் கடைகளுக்குப் போனவை ஏறத்தாழ 46,000 பிரதிகள்தான். 1992 ஜனவரியில் அது அமெரிக்காவின் ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டில் முதலிடத்தைப் பிடித்தது. அந்தச் சிறு பங்கு வந்து சேரத் தொடங்கியது, பழைய 'பிளீச்'சும் மறுபடி விற்கத் தொடங்கியது. 606 டாலரில் பதிவான அந்த ஆல்பம்தான் இன்றுவரை சப் பாப்பின் அதிகம் விற்ற தட்டு. சியாட்டிலிலேயே 1991 ஆகஸ்டில் கே.என்.டி.டி. என்ற வணிக நிலையம், பெரிய நிலையங்கள் அதுவரை தொடாத இந்த மாதிரி இசையையே முழுநேரமாக ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. மாணவர் வானொலி சில நூறு வாட்டில் தூக்கிப்பிடித்ததை இப்போது விளம்பரதாரர்கள் தேடி வந்தார்கள்.

இங்கே நான் ஒன்றை அடித்துச் சொல்வேன். பத்திரிகைக் கட்டுரையும் ஒலிபரப்பும் ஒரு லேபிளுக்குச் சொத்து ஆவதில்லை. அவை கலைஞரின் மதிப்பைக் கூட்டுகின்றன, மதிப்புக் கூடிய கலைஞரை வேறொருவர் வந்து அழைத்துப்போகிறார். அது கலைஞரின் உரிமை, அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நாளைக்காக இரு பக்கமும் மனமொத்து எழுதிய ஒரு தாள் வேண்டும். விமர்சகருக்கு விமான டிக்கெட் போடும் வாரத்திலேயே அதையும் எழுதி வைத்துவிட வேண்டும்.

ஃபோனை எடுத்தவர்

1992இல் நிலைமை தலைகீழ். பத்திரிகைகள் வரவில்லையே என்ற கவலை போய், விடாமல் வருகிறார்களே என்ற கவலை வந்தது. நியூயார்க் டைம்ஸ் நிருபர், 'கிரஞ்ச்' இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறிகளைப் பட்டியலிட்டுத் தரும்படி சப் பாப்பைக் கேட்டார். அப்படி ஒரு மொழியே கிடையாது. போன்மன் அந்த அழைப்பை மேகன் ஜாஸ்பரிடம் திருப்பிவிட்டார். அவர் 1989இல் சப் பாப்பில் வரவேற்பாளராகச் சேர்ந்தவர், 1991இல் பணமில்லாமல் வேலை போனவர்களில் ஒருவர். அப்போது வேறொரு விநியோக நிறுவனத்தில் விற்பனை வேலையில் இருந்தார்.

நிருபர் ஒரு வார்த்தையைக் கேட்பார், இதற்கு உங்கள் பாஷையில் என்ன என்று. ஜாஸ்பர் அந்த நொடியில் வாய்க்கு வந்ததைச் சொல்வார். உதவாக்கரைக்கு ஒரு சொல், கிழிந்த ஜீன்ஸுக்கு ஒரு சொல், சும்மா சுற்றுவதற்கு 'ஸ்விங்கிங் ஆன் தி ஃபிளிப்பிட்டி ஃபிளாப்' என்று ஒரு தொடர். எந்த இடத்திலாவது நிருபர் சிரித்துவிடுவார் என்று காத்திருந்தார். நிருபர் எழுதிக்கொண்டே இருந்தார். 1992 நவம்பர் 15 அன்று அது கலைச்சொல் பட்டியலாக நியூயார்க் டைம்ஸில் அச்சாகி வந்தது. அடுத்த வருடம் 'தி பாஃப்ளர்' இதழ் இதைப் போட்டுடைத்தது.

வேடிக்கையான சம்பவமாகத்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. 1989இல் ஒரு விமர்சகரை ஊருக்கே வரவழைத்து, நாள்கணக்கில் தெருவிலும் மேடையிலும் அலையவிட்டார்கள். அவர் மிகைப்படுத்தி எழுதினார், ஆனாலும் நேரில் பார்த்ததைத்தான் மிகைப்படுத்தினார். 1992இல் ஒரு நிருபர் ஃபோனில் சொற்பட்டியல் கேட்டார், கிடைத்ததை அச்சடித்தார். முன்னதை நம்பிச் சிறு லேபிள் வளரலாம். பின்னது, எவ்வளவு பெரிய பத்திரிகையாக இருந்தாலும், கலைஞருக்கு எதையும் தருவதில்லை.

அதற்குப் பிந்தைய வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1995இல் வார்னர் நிறுவனம் 49 சதவீதப் பங்கை வாங்கியது, 2 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. மறுவருடம் பாவிட் விலகினார். 2003இல் சப் பாப் வெளியிட்ட 'தி போஸ்டல் சர்வீஸ்' குழுவின் ஆல்பம் லேபிளின் அடுத்த பெரிய வெற்றி. வேறுவேறு ஊர்களில் இருந்த இருவர் ஒலிப்பதிவுகளைத் தபாலில் அனுப்பிச் செய்த ஆல்பம், அதனால் அந்தப் பெயர். அமெரிக்க அஞ்சல் துறை, பெயர் எங்களுடையது என்று கடிதம் அனுப்பியது. லேபிள் சண்டைக்குப் போகாமல் உட்கார்ந்து பேசியது. முடிவில் பெயரை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, பதிலுக்குக் குழு அஞ்சல் அதிகாரிகளின் கூட்டத்தில் வாசிக்கவும் ஒத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தமே நாடெங்கும் செய்தியாயிற்று. இம்முறை தாளும் இருந்தது, செய்தியும் இருந்தது.

கே.சி.எம்.யூ. 2001இல் கே.இ.எக்ஸ்.பி. என்று பெயர் மாறி, இன்று உலகமெங்கும் குழுக்களின் நேரலைப் பதிவுகளுக்காக அறியப்படும் நிலையமாக இருக்கிறது. மேகன் ஜாஸ்பர் 90களின் பிற்பகுதியில் சப் பாப்புக்குத் திரும்பி வந்தார். படிப்படியாக உயர்ந்து அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.